தலகாணி எத்தனை?

எல்லோரும் ஒருவரைப் பார்த்தால் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். பட்டை அண்ணாச்சி கழுத்தைப் பார்ப்பார். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்தவரிடம் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால், "கழுத்து நல்லா நிக்குது யக்கா" என்பார். அதற்கு மேல் மாப்பிள்ளையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தேன். கடைவீதி வியாபாரிகள் சேர்ந்து வாங்கிவிட்ட ஆம்புலன்ஸ் ஒன்று எங்கள் காம்பவுண்டுக்குள் வேப்பமரத்தடியில் நிற்கும். ஓட்டுவதற்கு ஒரு டிரைவர். பின்னால் அடிபட்டவரோடு உட்கார்ந்து வருவதற்கு இவர். வண்டியைக் கழுவுவதும் உள்ளே கிடக்கிற துணிமணியைத் துவைப்பதும் என் வேலை. அதனால் அவரை எனக்குத் தெரியும்.

என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை யக்கா என்பார். நான் ஊரோடு சேர்ந்து அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். ஊரில் அவருக்குப் பட்டை அண்ணாச்சி என்று பெயர். அடிபட்டவர்களின் கழுத்து அசையாமல் இருக்க மாட்டுவார்களே ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதை எந்நேரமும் கையில் வைத்துக்கொண்டு அலைவார். வெளியூர்க்காரர்கள் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு வந்து, நெற்றியில் திருநீற்றுப் பட்டை போட்ட ஆளைத் தேடுவார்கள். இவரோ சர்ச்சுக்குப் போகிற பாளையங்கோட்டை வேதக்காரர். நெற்றியில் வேர்வையைத் தவிர ஒன்றும் இருக்காது. டிரைவர் சும்மா இருக்கமாட்டார். "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு பட்டை போட்டாச்சா?" என்று சாராயம் குடித்தவனைக் கேட்பதுபோலக் கேட்பார். "ஒமக்கு ஒரு நா போடுதேன் வே, அன்னைக்குத்தான் ஒம்ம வாயி அடங்கும்" என்பார் இவர்.

ரோட்டில் ஒருவன் விழுந்துகிடந்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஒருவர் கக்கத்தில் கைகொடுப்பார். ஒருவர் காலைப் பிடிப்பார். இன்னொருவர் சோடாவை வாயில் ஊற்றுவார். நாலு பேர் செல்லில் படம் பிடிப்பார்கள். அப்புறம் ஆட்டோவில் உட்காரவைத்து அனுப்புவார்கள், தலை ஆடிக்கொண்டே போகும். இவருடைய வண்டி போய் நின்றதும் கதவு திறப்பதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும்.

"ஏலே, வாழத்தார தூக்குத மாதிரியா தூக்குதிய? வைங்கலே கீழ!"

அப்புறம் தலைமாட்டில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அடிபட்டவன் தலையை இரண்டு கைக்கும் நடுவில் பிடித்துக்கொள்வார். பலகையில் ஏற்றுகிற வரைக்கும் விடமாட்டார். ஏற்றுவதற்கு நாலு பேர் வேண்டும் என்பார். மெலிந்த ஆள்தானே, நான் ஒருத்தனே தூக்குகிறேன் என்று யாராவது முன்னால் வந்தால் கோபம் வந்துவிடும். "ஒத்த ஆளு தூக்கப்படாது. ஒத்தையாத் தூக்குனா தூக்குதவனுக்கும் கேடு, கெடக்குதவனுக்கும் கேடு." இதை அவர் சொல்லி நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பட்டை சரியாகப் பொருந்தாதவர்களுக்குத் திருநெல்வேலி போய்ச் சேருகிற வரைக்கும் கையாலேயே பிடித்துக்கொண்டு போவார். அப்படிப் போய் வந்த நாளில் அவர் கை இரண்டும் நடுங்கும். காப்பி டம்ளரைப் பிடிக்க முடியாது. நான் அரை டம்ளர்தான் ஊற்றிக் கொடுப்பேன். ஏன் அரை என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

நான் பேசுகிற ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன், வகுப்பில் 'உள்ளேன் ஐயா' என்பதே எனக்குத் தொண்டையில் நின்றுவிடும். பொம்பிளைகளோடு நாலு வார்த்தை பேசுவேன். ஆம்பிளைகள் கூடி நிற்கிற இடத்தில் பேச்சே வராது.

அவருக்குப் பட்டை மேல் அப்படி ஒரு நம்பிக்கை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வாய்க்கால் பாலத்தில் ஒரு காலேஜ் பிள்ளை ஸ்கூட்டியோடு விழுந்துவிட்டது. தானே எழுந்து, துப்பட்டாவைத் தட்டிப் போட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்ல, கழுத்து மட்டும் லேசா வலிக்குது" என்று சொல்லியிருக்கிறது. அதைப் பிடித்துப் படுக்கவைத்துப் பட்டை மாட்டினார். கூட்டமே சிரித்ததாம். "நடந்து போற பிள்ளைய நோயாளி ஆக்குதாரு பாரு." திருநெல்வேலியில் படம் எடுத்துப் பார்த்தால் கழுத்தெலும்பு ஒடிந்திருக்கிறது. சட்டென்று திரும்பியிருந்தால் கை கால் போயிருக்கும் என்று பெரிய டாக்டர் சொன்னாராம். அந்தப் பிள்ளையின் அப்பா ஒரு முழு வாழைத்தாரைக் கொண்டுவந்து வண்டி முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு இவர் எல்லோருக்கும் பட்டை போட்டார். கால் நகம் பெயர்ந்தவனுக்கும் போட்டார். குடித்துவிட்டுச் சாக்கடையில் விழுந்த ஒருத்தனுக்குப் பட்டையைப் போட்டு மல்லாக்கப் படுக்கவைத்துக் கொண்டுபோகிற வழியில், அவன் வாந்தியெடுத்து மூச்சு அடைத்துவிட்டது. பலகையோடு ஒருக்களித்துச் சாய்த்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். வண்டியைக் கழுவும்போது இரண்டு பேரும் பேசிக்கொண்டதை நான் கேட்டேன்.

"பட்டை இல்லன்னா அவன் போயிருப்பான் வே" என்றார் இவர்.

"பட்டையாலதான் போகப் பாத்தான் அண்ணாச்சி" என்றார் டிரைவர்.

அந்த வருஷம் புதிதாக வந்த டாக்டரம்மா, சின்ன வயது, அவர்களும் இவரைக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் பட்டை வேண்டாம். நினைவாக இருக்கிறவரிடம் கேளுங்கள், வலி எங்கே என்று தொட்டுப் பாருங்கள். பட்டை இறுக்கினால் சிலருக்கு மூச்சு முட்டும், தலையில் அடிபட்டவர்களுக்குக் கெடுதல்கூட உண்டு, இப்போது படித்தவர்களே இரண்டு விதமாகப் பேசுகிறார்கள் என்றார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்.

"புஸ்தகம் மாறும் டாக்டரம்மா. கழுத்து மாறாதுல்லா?"

"கழுத்தும் ஆளுக்கு ஆள் மாறும் அண்ணாச்சி" என்றார்கள் டாக்டரம்மா.

நான் அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்தப் பேச்சு ஒரு காதில் விழுந்து மறு காதில் போனது. பட்டைகளைச் சோப்புப் பொடி போட்டுக் கழுவுகிறவள் நான். ஒட்டுப்பட்டையில் சிக்கின தலைமுடியை ஊக்கால் எடுத்து, வெயிலில் வளைந்துவிடாமல் நிழலில் காயவைப்பேன். பெரிசு, நடுத்தரம், சிறிசு என்று மூன்று அளவு. மூன்றும் நிமிர்ந்த கழுத்துக்குச் செய்தது. வீட்டில் ஒரு குனிந்த கழுத்தை வைத்துக்கொண்டும் எனக்கு அது தோன்றவில்லை.

என் வீட்டுக்காரருக்கு முப்பது வயதிலிருந்தே முதுகு இறுகிக்கொண்டு வந்தது. ஒரு டாக்டர், எலும்பு ஒன்றோடொன்று ஒட்டி மூங்கில் மாதிரி ஆகிவிட்டது, இனி நிமிராது என்றார். வாழைத்தோப்பு வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தரையைப் பார்த்தேதான் நடப்பார். "என்னவே, பூமிக்குள்ள என்னத்த தேடுதீரு?" என்று கேட்பார்கள். "எனக்கு முன்னால போன ஒம்ம மூளையத்தான்" என்பார். ஊரில் எல்லோரும் அவரைத் தெரிந்தவர்கள்தான். தார் சுமந்து சுமந்து குனிந்துவிட்டார், படுத்தால் நிமிர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். படுக்கையில் அவரைப் பார்த்தவள் நான் ஒருத்தி. மல்லாந்து படுத்தால் தலை பாயில் படாது. அந்தரத்தில் நிற்கும். அடியில் மூன்று தலகாணி அடுக்கினால்தான் தூங்குவார்.

அன்று காலையில் குளிக்கப் போனவர் ஆற்றுப் படித்துறையில் பாசி வழுக்கி விழுந்துவிட்டார். செய்தி சுகாதார நிலையத்துக்குத்தான் வந்தது. வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன்.

ஒருக்களித்துக் கிடந்தார். நெற்றியில் கொஞ்சம் ரத்தம். நினைவு இருந்தது. என்னைப் பார்த்து, "ஒண்ணுமில்லட்டி, சும்மா இரி" என்றார். ஈர வேட்டி விலகியிருந்தது. சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்களே என்று அவரே கையால் இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார். அதை நான் பார்த்தேன். விரல்கள் துணியை மடித்து உள்ளே தள்ளியதைப் பார்த்தேன்.

அண்ணாச்சி வழக்கம்போல வந்து உட்கார்ந்து தலையைப் பிடித்தார். நாலு பேர் சேர்ந்து பலகையில் மல்லாத்தினார்கள். தலை பலகையில் படவில்லை.

"அத்தான், பயப்படாதீங்க. ஒடம்ப வெரைக்காதீங்க. பைய... பைய நேரா விடுங்க" என்றார் அண்ணாச்சி.

"தல அதுக்கு மேல போவாது வே" என்றார் என் வீட்டுக்காரர். குரல் அடங்கித்தான் வந்தது. வலியில் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

எனக்குத் தெரியும். மூணு தலகாணி. வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. படித்துறையில் இருபது ஆம்பிளைகள் நின்றார்கள். புருஷன் படுக்கையில் எப்படிப் படுப்பான் என்று ஒரு பொம்பிளை இருபது பேர் நடுவில் எப்படிச் சொல்வது? இன்றைக்கு எழுதும்போது இது ஒரு காரணமா என்று இருக்கிறது. அன்றைக்கு அது மலை மாதிரி நின்றது. அண்ணாச்சிக்குத் தெரியாததா, எத்தனை பேரைப் பார்த்தவர் என்றும் நினைத்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அண்ணாச்சி பைய அழுத்தினார். முரட்டுத்தனமாக இல்லை, பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைத் தொடுகிற மாதிரிதான். ஒரு சத்தம் கேட்டது. வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்போமே, அந்தச் சத்தம். அன்று கேட்டதா, பிறகு என் மனசு உண்டாக்கிக்கொண்டதா என்று சத்தியம் செய்யச் சொன்னால் என்னால் முடியாது. பட்டை 'கரக்' என்று ஒட்டியது.

வண்டியில் கொஞ்ச தூரம் போனதும், "கை மரத்துப்போவுது" என்றார் என் வீட்டுக்காரர். திருநெல்வேலியில் இறக்கும்போது இரண்டு கையும் யாருடைய கையோ மாதிரி கிடந்தன. ஒரு மாதம் அப்படியே இருந்தார். பிறகு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, போய்விட்டார். அங்கே ஒரு டாக்டர் சொன்னார், இப்படி இறுகின எலும்பு சின்ன அடியிலேயே ஒடியும், விழுந்தபோதே ஒடிந்திருக்கலாம் என்று. இன்னொருவர் கழுத்தை யார் நிமிர்த்தியது என்று கேட்டார். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

பதினாறாம் நாள் அண்ணாச்சி வந்தார். கூட்டம் போன பிறகு வந்து, வாசல் நடையிலேயே உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"யக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் பட்டை போடதுக்கு முன்னாடி அத்தானுக்குக் கை ஆடிச்சா?"

எனக்கு அந்த வேட்டி மடிப்பு கண்ணில் நின்றது.

"நான் கவனிக்கல அண்ணாச்சி" என்றேன்.

அவர் மேல் இரக்கப்பட்டுச் சொன்னதாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். ஆடிச்சு என்று சொன்னால், அப்படியானால் நீங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்குத்தான் பயந்தேன்.

அவர் பார்வை வீட்டுக்குள் போனது. மூலையில் பாய் சுருட்டியிருந்தது. அதன் மேல் மூன்று தலகாணி, மூன்றிலும் நடுவில் குழி.

"மூணும் அத்தானுக்கா?"

ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் டம்ளரைப் பைய கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். தண்ணீர் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வேறு ஆள். எங்கே போனாலும், அடிபட்டவர் கொஞ்சம் வயதானவர் என்றால், அவர் கேட்கிற முதல் கேள்வி, "இவரு தலகாணி எத்தனை வச்சுப் படுப்பாரு?" ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், வீட்டுக்காரர்கள் கதறிக்கொண்டிருப்பார்கள், இவர் தலகாணி கேட்பார். மார்க்கெட்டில் ஒருவர் இவர் கன்னத்தில் அறைந்தே விட்டார். "உசிரு போவுது, தலகாணி கேக்கான் பாரு!" இவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "சொல்லிட்டு அடிங்க அண்ணாச்சி. எத்தனை?" என்று கேட்டாராம். டிரைவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

கழுத்து எந்த வளைவில் இருக்கிறதோ அந்த வளைவுக்கே துண்டைச் சுருட்டி அண்டக் கொடுத்துக் கொண்டுபோனார். "அவுகவுக கழுத்துக்கு அவுகவுக குனிவுதான் நேரு" என்று டாக்டரம்மாவிடம் சொன்னார். துண்டு பற்றாமல் போனபோது நான் வீட்டிலிருந்த அந்த மூன்று தலகாணியையும் பிரித்து, அந்தப் பஞ்சில் சின்னச் சின்னதாய்த் தட்டையான தலகாணிகள் தைத்துக் கொடுத்தேன். வாங்கி ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். எந்தப் பஞ்சு என்று அவர் கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அவருக்குக் கை துணிவு போய்விட்டது. செல்போன் கோபுரத்திலிருந்து ஒரு வாலிபன் விழுந்தான். நேரான கழுத்து, வலியில் துடிக்கிறான், பட்டை போடவேண்டிய ஆள். இவர் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாராம். டிரைவர் கத்தியிருக்கிறார், "போட்டாப் போடும், இல்லன்னா போடாதயும். நிக்காதயும் வே!" போட்டார். அவன் பிழைத்தான், இன்றைக்கும் நடமாடுகிறான். இவர் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர், நான் கொடுத்த அரை டம்ளர் காப்பியையும் சட்டையில் சிந்திக்கொண்டார். பட்டையைப் பார்த்துக்கொண்டே, "இது எவனக் காப்பாத்துது, எவனக் கொல்லுதுன்னு நெறம் மாறிக் காட்டுனா என்ன யக்கா" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வண்டி கழுவுகிற ஒவ்வொரு நாளும் சொல்லிவிட நினைப்பேன். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

கொஞ்ச நாளில் அண்ணாச்சி வேலையை விட்டுவிட்டு, கூடங்குளத்துப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது நான் தைத்ததில் இரண்டை எடுத்துக்கொண்டாராம். அங்கே அவருக்கு உடம்பு சரியில்லை என்று டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. தனியாக இரண்டு பஸ் மாறிப் போனேன்.

கட்டிலில் சாய்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. இதயம் பலம் குறைந்துவிட்டதாம், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுமாம். என்னைப் பார்த்ததும் சிரித்து, முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

"பாத்தியளா யக்கா. இப்பம் எனக்கும் மூணு."

மகள் காப்பி போட உள்ளே போனாள். அவள் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று கட்டிலருகே போனேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு அவியளுக்குக் கை ஆடிச்சு. வேட்டிய அவியளேதான் சொருகுனாவ."

"தெரியும்" என்றார். "தலகாணியப் பாத்த அன்னைக்கே தெரியும்."

"அதில்ல. தல படாதுன்னு எனக்கு அங்கனையே தெரியும். சொல்ல வந்தேன். அத்தன ஆம்பளைய நின்னாவ. வாய் வரல."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலை. மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏழு வருசம் என்னைய ஒத்தையாத் தூக்க வச்சிட்டியளே யக்கா."

மகள் காப்பி கொண்டுவந்தாள். டம்ளர் நிறைய இருந்தது. நான் பாதியை என் டம்ளரில் ஊற்றிவிட்டு மீதியை அவரிடம் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தபோது, "பைய போங்க" என்றார்.

அடுத்த மாதம் போய்விட்டார். டிரைவரோடு போனேன். பெட்டியில் வெள்ளைச் சட்டையில் கிடத்தியிருந்தார்கள். தலைக்கு ஒரே ஒரு சின்னத் தலகாணி. கழுத்து நேராக இருந்தது. பாதிரியார் ஜெபம் முடித்துவிட்டார், மூடியைக் கொண்டுவந்தார்கள். சுற்றிலும் ஆம்பிளைகள், தெரியாத முகங்கள், படித்துறையில் நின்றவர்களைவிடக் கூட்டம்.

"மூணு தலகாணி" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. யாரு இந்த அம்மா என்று ஒருவர் கேட்டார். டிரைவர் குனிந்து அழுதார்.

"அவருக்கு மூணு தலகாணி வேணும்" என்றேன் மறுபடியும்.

"வச்சா மூடி மூடாதும்மா" என்றார் மூடியைப் பிடித்திருந்தவர். பணிவாகத்தான் சொன்னார்.

மூடினார்கள். ஆறு பேர் சேர்ந்து தூக்கினார்கள்.